பதினெட்டுக்கு முன் பந்தக்கால்: சமூக மாற்றத்திற்கு ஓர் எஸ்டிமேட்



ஓடையின் குறுக்கே ஒரு சிறுபாலம் கட்ட வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வோம்? மண்ணைப் பார்ப்போம். வெள்ளம் எந்த மட்டம் வரை வரும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்போம். எவ்வளவு பாரம் ஏற்றிய வண்டி போகும் என்று கணக்குப் போடுவோம். அப்புறம்தான் வரைபடம், அதன் பிறகு எஸ்டிமேட், கடைசியில்தான் கொத்தனார். இது முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும். ஆனால் ஓர் ஊரின் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று வரும்போது மட்டும் நாம் நேராகக் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுகிறோம்! ஒரு பேனர், ஓர் ஊர்வலம், ஓர் உறுதிமொழி, தலைமையுரை, நன்றியுரை, டீ, பிஸ்கட். முடிந்தது சமூக மாற்றம்.

இதைக் கிண்டலுக்காக எழுதவில்லை. நைனார்பாளையம் பக்கத்தில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த தோழி ஒருத்தி இருந்தாள். கணக்கில் எப்போதும் என்னைவிட ஐந்து மார்க் கூடத்தான் வாங்குவாள். நான் பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கி வந்த அதே வாரத்தில் அவள் வீட்டில் பந்தக்கால் நட்டார்கள். அவளுக்கு வயது பதினாறு. அதற்கு முந்தைய வருடம்தான் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கையை நீட்டி, 'குழந்தைத் திருமணத்தை ஒழிப்போம்' என்று உறுதிமொழி எடுத்திருந்தோம். அந்த உறுதிமொழி எங்கே பிசகியது? அந்தக் கேள்விக்கு நம் தொழிற்கல்வி மூளையைக் கொண்டு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எது உரிமை?

பாலியல் நலம், இனப்பெருக்க நலம் என்ற சொற்களைக் கேட்டதும் வகுப்பில் சிலர் சிரிப்பார்கள், சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பொருள் புரிந்தால் இரண்டுக்கும் அவசியமில்லை. தன் உடம்பைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்வது; யாரை, எப்போது மணப்பது என்று தானே முடிவு செய்வது; பிள்ளை வேண்டுமா, எப்போது, எத்தனை என்பதில் தன் சொல்லுக்கு மதிப்பு இருப்பது; நோயோ, கர்ப்பமோ, பிரசவமோ எதுவானாலும் பயமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடிவது. அவ்வளவுதான்.

1994 செப்டம்பரில் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஐ.நா. நடத்திய மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் கூடி இக்கருத்தை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு பெரும்பாலான அரசுகளுக்கு இது தலைக்கணக்கு மட்டுமே. இந்த மாதம் எத்தனை ஆபரேஷன், இலக்கில் எத்தனை பாக்கி என்பதுதான் பேச்சு. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த இலக்கு கட்டாயமாகவே மாறிய கதையை நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். கெய்ரோவுக்குப் பிறகு, 1996 ஏப்ரலில், இந்திய அரசு இலக்கு நிர்ணயிக்கும் முறையை நாடு முழுவதும் கைவிட்டது.

ஆனால் தமிழ்நாட்டுக்கு இது கெய்ரோவிலிருந்து இறக்குமதியான சரக்கு அல்ல. 1930 வாக்கிலேயே 'குடி அரசு' இதழில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நிலை, குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று காரணம் காட்டி அதை ஆதரித்த காலம் அது. பெரியாரோ, பெண் சுதந்திரமாக வாழ்வதற்காகவே அது வேண்டும் என்று தம் காரணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். திட்டமிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது யாருக்காக? அந்தக் கேள்வி தப்பினால் மீதி எல்லாக் கணக்கும் தப்பும்.

2. சட்டம் மட்டும் போதுமா?

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். மறு ஆண்டே, பெண்ணின் மண வயதை 16 ஆகவும் ஆணின் மண வயதை 21 ஆகவும் உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அவர் அங்கே கொண்டுவந்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடும் பெண்ணுக்கு 16 வயது ஆன பின்பே மணம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டில் சாரதா சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18.

உடனே என்ன நடந்தது தெரியுமா? சட்டம் அமலாவதற்கு முன்பிருந்த சில மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தார்கள்! சட்டம் என்ன சொல்கிறது என்பது ஜனங்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் அவசரப்பட்டார்கள். ஆகவே 'விழிப்புணர்வு இல்லை, அதனால்தான்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

1978-இல் வயது 18, 21 என்று உயர்ந்தது. 2006-இல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இன்னும் கடுமையானது. நடத்தி வைப்பவருக்கும் 18 வயது கடந்த மாப்பிள்ளைக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படியும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு சுமார் 13 பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். இந்திய அளவில் இது சுமார் 23. நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 13-இல் ஒருத்தி நம் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் என்றால், பரவாயில்லை என்ற சொல் வாயில் வராது.

3. முதலில் சர்வே

சரி, வீட்டார் ஏன் அவசரப்படுகிறார்கள்? பெற்றோர் கெட்டவர்கள் என்று முடிவு கட்டுவது சர்வே ஆகாது. அவர்கள் போடும் கணக்கை நாமும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் காதில் விழும் பேச்சுக்கள் இவை: 'வயசு ஏற ஏற நகை ஏறும்.' 'நிறையப் படிக்க வச்சா அதுக்குத் தக்க மாப்பிள்ளை தேடணும்.' 'பஸ்ஸுல தனியா அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்க முடியுமா?' 'எவனையாச்சும் கூட்டிட்டு ஓடிட்டா மானம் போயிடும்.' கடைசிப் பேச்சுக்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பெரிய பேனர் வைத்து, மொய் எழுதி, ஊரைக் கூட்டிச் சோறு போட்ட மறுநாளே, 'பொண்ணு ரெடி' என்ற சேதி சொந்தக்காரர்களுக்குப் போய்விடுகிறது.

கல்வராயன் மலைக்கு ஏறினால் கணக்கே வேறு. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் உண்டு. எனவே நகைப் பயம் அங்கே முதல் காரணம் அல்ல. பிழைப்புக்காகத் தாய் தகப்பன் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் கேள்வி. உண்டு உறைவிடப் பள்ளி முடிந்ததும் அடுத்த படிப்புக்கு மலையை விட்டு இறங்க வேண்டும். 1976-இல்தான் ஜாகீர் முறையிலிருந்து விடுபட்ட மலை அது. சாலையும் பள்ளியும் அங்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன.

கீழ்நாட்டில் காரணம் செலவும் மானமும். மலையில் காரணம் தூரமும் பாதுகாப்பும். ஒரே மாவட்டம், இரண்டு மண். ஒரே அஸ்திவாரம் இரண்டுக்கும் பொருந்தாது.

4. டிசைன்: பணம் எப்போது, யார் கையில்?

இனி மூன்று திட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். நம் பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஹரியானா (1994): பெண் குழந்தை பிறந்ததும் அரசு அவள் பெயரில் பணம் முதலீடு செய்யும். 18 வயது வரை மணமாகாமல் இருந்தால் 25,000 ரூபாய் கிடைக்கும். 2012-இல் முதல் அணிப் பெண்களுக்கு 18 வயது நிறைந்தபோது ஆராய்ந்து பார்த்தார்கள். பெண்கள் கூடுதல் வகுப்புகள் படித்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பல வீடுகளில் 18 நிறைந்ததும் அந்தப் பணத்தை எடுத்து உடனே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அரசு தந்த பணத்தை ஜனங்கள் கல்யாணச் செலவுக்கான பணமாகவே புரிந்துகொண்டார்கள்.

வங்காள தேசம் (1994): உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை. மூன்று நிபந்தனைகள்: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், மணமாகாதிருத்தல். பள்ளியில் பெண்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் அங்கே பாதிப் பெண்களுக்கு 18-க்கு முன் திருமணம் நடப்பது நிற்கவில்லை. பள்ளி முடிந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் பதில் இல்லை.

தமிழ்நாடு (1989): தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. பெண் 8-ஆம் வகுப்பு வரை படித்து, 18 வயது நிறைந்து மணந்தால் 5,000 ரூபாய். பழங்குடியினருக்கு 5-ஆம் வகுப்பே போதும் என்று தளர்த்தினார்கள். மலைக்கும் கீழ்நாட்டுக்கும் மண் வேறு என்று தெரிந்து செய்த வேலை அது. 2011-இல் 4 கிராம் தாலித் தங்கம் சேர்ந்தது. 10-ஆம் வகுப்புக்கு 25,000, பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000 என்று உயர்ந்தது. ஆமாம், நம் டிப்ளமோவுக்கும்தான்! 'பொண்ணு படிச்சா செலவு' என்ற வீட்டுக் கணக்கை 'பொண்ணு படிச்சா வரவு' என்று மாற்ற முயன்ற நல்ல யோசனை. ஆனாலும் பணம் வருவது கல்யாணத்தின் போதுதான்.

2022 செப்டம்பர் 5-ஆம் தேதி இந்த முனையைத்தான் மாற்றினார்கள். அதே அம்மையாரின் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம், அதாவது 'புதுமைப் பெண்'. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. எதிலாவது சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே வரும் என்று வகுத்தார்கள். பணத்தின் தொகையைவிட அது வரும் நேரமும் சேரும் கையும் முக்கியம். முன்னது கல்யாண மேடையில் வந்தது. பின்னது படிக்கும் மாதத்தில் வருகிறது. முன்னது வீட்டின் செலவைத் தாங்கியது. பின்னது பெண்ணின் பெயரில் நிற்கிறது. ஒரு திட்டம் எதற்குப் பணம் தருகிறதோ, அதைத்தான் ஊர் செய்யும். நண்பர்களே, இந்த ஒரு வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. விட்டுப்போன தூண்

பெண்ணுக்குப் படிப்பு, பெண்ணுக்குப் பணம், பெண்ணுக்கு அறிவுரை. எல்லாம் சரி, ஆண் எங்கே?

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இன்று சராசரியாக 2-க்கும் குறைவான குழந்தைகளே பிறக்கின்றன. உலகமே பாராட்டும் சாதனை இது. ஆனால் அந்தச் சாதனையின் பாரம் யார் தோளில்? மேற்சொன்ன 2019-21 ஆய்வில், மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்டதோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆணுக்கான ஆபரேஷன் பெண்ணுடையதைவிட எளியது, ஆபத்தும் குறைவு என்று மருத்துவர்கள் சொல்லியும் இந்த நிலை. இத்தனைக்கும் 1950-களின் கடைசியில் ஆண்களுக்கான ஆபரேஷனுக்கு ஊக்கத்தொகை கொடுத்து முன்னே நின்றது இதே சென்னை ராஜ்யம்தான்.

ஒரே தூணில் நிற்கும் கட்டடம் இது. பதினாறு வயது மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயது மாப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அவர் 'எனக்கு வேண்டாம், பொண்ணு படிச்சு முடிக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பந்தல் நிற்குமா? நம்ம வகுப்புப் பசங்களே, அந்த மாப்பிள்ளை நாளைக்கு நீங்கள்தான். ஆகவே இது 'லேடீஸ் மேட்டர்' அல்ல.

6. பயத்தால் மட்டும் கட்டினால்

2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. 2017-இல் உச்ச நீதிமன்றம், மனைவியே ஆனாலும் 18-க்குக் கீழ் என்றால் அது குற்றம்தான் என்று தீர்ப்பளித்தது. இவை குழந்தைகளைக் காக்க வந்தவை, வேண்டியவை. ஆனால் ஒரு பக்க விளைவு உண்டு. பதினேழு வயதில் கர்ப்பமான பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் போலீஸ் வரும் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே மறைக்கிறார்கள். அந்த வயதில் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, கஷ்டப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய எல்லா ஆபத்தும் கூடுதல். யார் அதிகமாக மருத்துவரைப் பார்க்க வேண்டுமோ, அவளே மருத்துவரைத் தவிர்க்கிறாள்.

2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைக் கவனித்தது. கருக்கலைப்புக்காக வரும் மைனர் பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றது. மணமாகாத பெண்ணுக்கும் மணமான பெண்ணுக்கும் கருக்கலைப்புச் சட்டத்தில் வேறுபாடு கூடாது என்பதும் அதே தீர்ப்புதான். தண்டனை என்ற சுவரைக் கட்டும்போதே சிகிச்சை என்ற கதவையும் விட வேண்டும். கதவில்லாத சுவர் சிறைதான்.

7. யாரைக் கேட்டுத் திட்டம்?

நம் மாவட்டத்தில் உள்ள கூவாகத்துக்குச் சித்திரை மாதம் நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருவது நமக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2008-இல் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தபோது, அதில் அவர்களையே உறுப்பினர்களாகச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரை எதிரே உட்கார வைத்து அறிவுரை சொல்வது ஒரு வகை. பக்கத்தில் உட்கார வைத்து 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பது வேறு வகை. சிறுமிகளுக்கான எத்தனை கூட்டத்தில் ஒரு சிறுமி மைக் பிடித்துப் பேசியிருக்கிறாள்? யோசித்துப் பாருங்கள். என் தோழியிடம் யாராவது கேட்டிருந்தால், 'அட்மிஷன் வரைக்கும் என் வீட்டுல பேச ஒரு ஆள் வேணும்' என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

8. நம் யூனியனுக்கு ஓர் எஸ்டிமேட்

பெரிய பேச்சு போதும். அடுத்த ஆண்டுக்குள் நம்மால் ஆகக்கூடிய வேலைகளை வரிசையாகத் தருகிறேன்.

(அ) காலம்: பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவதற்கும் அட்மிஷனுக்கும் இடையே இரண்டு மாத இடைவெளி உண்டு. வைகாசி முகூர்த்தங்களும் அந்தச் சமயத்தில்தான். பாலம் உடைவது அங்கேதான். முட்டுக் கொடுக்க வேண்டியதும் அங்கேதான்.

(ஆ) வேலை: ஒவ்வொருவரும் தான் படித்த பள்ளிக்குத் தை மாதத்திலேயே ஒரு தடவை போக வேண்டும். பாலிடெக்னிக் விண்ணப்பம், ஹாஸ்டல், பஸ் பாஸ், உதவித்தொகை இவற்றுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று பெண்ணுக்கு மட்டுமல்ல, அவள் அப்பா அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். மலையில் ஹாஸ்டல் பற்றி முதலில் பேசுங்கள். கீழே பஸ் பற்றியும் செலவு பற்றியும் முதலில் பேசுங்கள்.

(இ) ஆண்களுக்குத் தனிக் கூட்டம்: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவரை அழைத்து, கேள்விகளைச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்போம். கேட்கக் கூச்சப்பட்டதெல்லாம் வெளியே வரும்.

(ஈ) அவசரத்துக்கு: குழந்தைகளுக்கான தொலைபேசி 1098, பெண்களுக்கானது 181. இரண்டுக்கும் காசு வேண்டாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராக இருப்பவர் மாவட்ட சமூக நல அலுவலர். திருமணத்தை நிறுத்த மாஜிஸ்திரேட் தடையுத்தரவு போடலாம். அதை மீறி நடந்த திருமணம் செல்லாது. ஏற்கெனவே நடந்துவிட்ட குழந்தைத் திருமணத்தையும், 18 நிறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பெண் கேட்டால் கோர்ட் ரத்து செய்யலாம். இது பலருக்கும் தெரியாது.

(உ) சரிபார்ப்பு: எத்தனை பேனர் கட்டினோம் என்று எண்ண வேண்டாம். அந்தப் பள்ளிகளில் பத்தாவது முடித்த பெண்களில் எத்தனை பேர் ஆவணி மாதத்தில் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவோம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த ஆண்டு மலரில் அந்த எண்ணை அச்சிடுவோம். குறைந்திருந்தாலும் அச்சிடுவோம்.

முடிவுரை

போன பொங்கலுக்கு என் தோழியைச் சந்தையில் பார்த்தேன். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. 'எந்தப் பிரிவு?' என்று கேட்டாள். சிவில் என்றேன். 'எனக்கு எலக்ட்ரிக்கல்தான் ஆசை' என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் இன்னமும் படிக்கலாம், வயது ஒன்றும் போய்விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். விண்ணப்பம் வரும்போது எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகப் போகிறேன். அவளுடைய மாமியாரிடம் நானே பேசுவதாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். எஸ்டிமேட் போட அதுவே முதல் வரி.



- இறுதியாண்டு சிவில் மாணவி